தோற்ற ஆட்டத்தை ஏன் வாசித்தேன்?

2025 அக்டோபர் கடைசி வாரம், திங்கட்கிழமை காலை நிகழ்ச்சி. விளையாட்டுச் செய்தியின் கடைசி வரியாக ஒரு முடிவை வாசித்தேன். மொரோக்கோவில் நடந்த மகளிர் காற்பந்து நட்புமுறை ஆட்டத்தில் ஆப்கான் பெண்கள் அணியை 6-1 என சாட் வென்றது. பாட்டைப் போட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றுவதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. அனுப்பியவர் நம் வழக்கமான நேயர். லாரி ஓட்டுபவர், என் அப்பா வயது.

"ஏன்மா, நட்பு ஆட்டம், அதுவும் ஆறு கோல் வாங்கித் தோத்துட்டாங்க. இதெல்லாம் ஒரு செய்தியா? விளையாட்டுல எதுக்கும்மா அரசியல்?"

ஒலிபரப்பில் பதில் சொல்ல எனக்குக் கிடைத்தது இருபது விநாடி. அது போதவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன், அங்கிள்.

ஆப்கான் மகளிர் தேசிய அணி 2007இல் உருவானது. அதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் காலிதா போப்பால். அணியின் தலைவியாகவும் இருந்தவர். மிரட்டல் தாங்காமல் 2011இல் நாட்டை விட்டு வெளியேறி, டென்மார்க்கில் குடியேறினார். அங்கிருந்தபடியே ஊரிலிருக்கும் பெண்களுக்கு அவர் சொல்லி வந்தது ஒன்றுதான்: பயப்படாதீர்கள், முகத்தைக் காட்டுங்கள், ஆடுவதை உலகம் பார்க்கட்டும்.

2021 ஆகஸ்ட் 15, காபூல் தலிபான் கைக்குப் போனது. அதே போப்பால் அதே பெண்களிடம் இப்போது வேறு சொல்ல வேண்டியிருந்தது: சமூக ஊடகத்திலிருக்கும் படங்களை அழித்துவிடுங்கள், ஜெர்சியை எரித்துவிடுங்கள்.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பள்ளி ஓட்டப்பந்தயத்தில் பிள்ளை மூன்றாவதாக வந்தாலும் அந்தப் படத்தை ஃப்ரேம் போட்டு, ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுகிறோம். அங்கே நாட்டுக்காக ஆடிய மகளின் படம் வீட்டிலிருந்தால் குடும்பத்துக்கே ஆபத்து.

அந்த மாதமே விளையாட்டாளர்கள், குடும்பத்தார் என 70க்கும் மேற்பட்டவர்களை ஆஸ்திரேலியா விசா கொடுத்து வெளியேற்றியது. மெல்பர்ன் விக்டரி கிளப் கைகொடுக்க, 2022இல் அங்குள்ள உள்ளூர் லீக்கில் ஆடவும் தொடங்கினார்கள். சுபம் என்று திரையை மூடிவிடலாம் போலிருக்கும். ஆனால் உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான்.

ஒரு நாட்டின் பெயரில் அணியை அனுப்ப வேண்டியது அந்த நாட்டின் காற்பந்துச் சங்கம். அப்போது ஃபிஃபாவின் விதி இதுதான். பெண்கள் விளையாடவே கூடாது என்கிறது தலிபான் அரசு. அப்படிப்பட்ட நாட்டில் இருக்கும் சங்கம் மகளிர் அணியை எப்படி அனுப்பும்? சங்கம் அனுப்பாததால் அவர்கள் தேசிய அணி இல்லை என்றானது. 2023இல் உலகக் கிண்ணம் அவர்கள் தஞ்சமடைந்த ஆஸ்திரேலியாவுக்கே வந்தது. தகுதிச் சுற்றில் ஆடக்கூட அவர்களுக்கு வழியில்லை.

அதே காலத்தில் ஆப்கான் ஆண்கள் அணி தடையின்றி ஆடிக்கொண்டிருந்தது. 2024 மார்ச்சில் குவாஹாத்தியில் இந்தியாவை 2-1 என வென்றதே, உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில், நினைவிருக்கிறதா? நாடு ஒன்று, சங்கம் ஒன்று. அண்ணன் தம்பிகளுக்கு அனுமதி, அக்கா தங்கைகளுக்கு இல்லை.

அந்த விதிக்கு ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. அரசாங்கங்கள் அணித்தேர்வில் மூக்கை நுழைக்கக்கூடாது என்பதற்காகத்தான் சங்கங்களுக்கு அந்த அதிகாரம். ஆனால் இங்கே அரசாங்கம் ஏற்கெனவே நுழைந்து பாதி நாட்டையே வெளியே தள்ளிவிட்டது. அதன் பிறகும் "நாங்கள் அரசியலில் தலையிடுவதில்லை" என்று ஒதுங்கி நின்றால், தள்ளியவன் பக்கம் நிற்பதாகத்தானே அர்த்தம்? விளையாட்டுக்குள் அரசியலைக் கொண்டுவந்தவர்கள் இந்தப் பெண்கள் இல்லை, அங்கிள். அவர்கள் கேட்டது ஒரு பந்தும், முதுகில் நாட்டின் பெயரும்தான்.

நமக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் தலைமையகம் நம் புக்கிட் ஜாலிலில்தான் இருக்கிறது. 2026 மகளிர் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மலேசியப் பெண்கள் ஆடினார்கள், சிங்கப்பூர்ப் பெண்கள் ஆடினார்கள். ஆப்கானிஸ்தான் என்ற பெயர் பட்டியலில் இல்லை.

நான்கு ஆண்டுகள் விடாமல் கேட்டதன் பலனாக, 2025 மே மாதம் ஃபிஃபா மன்றம் ஓர் அகதிகள் அணிக்கு ஒப்புதல் கொடுத்தது. பல நாடுகளில் சிதறிக் கிடந்தவர்களைத் திரட்டி உருவான அந்த அணிதான் மொரோக்கோ வந்தது. அப்போதும் தேசிய அணி என்ற தகுதி இல்லை. 'ஆப்கான் விமன் யுனைடெட்' என்ற பெயரில்தான் களமிறங்கினார்கள். சாட் அணிக்கு எதிரான அந்த ஒரே கோலை பெனால்டியில் அடித்தவர் மனோஷ் நூரி. அந்த 1ஐ வாசிக்கத்தான் அன்று 6-1ஐ வாசித்தேன்.

அடுத்த ஆட்டத்தில் துனீசியாவிடமும் 4-0 எனத் தோற்றார்கள். நவம்பர் முதல் தேதி லிபியாவுடன் கடைசி ஆட்டம். மறுநாள் ஞாயிறு, எனக்கு விடுமுறை. காலையிலேயே அதே லாரிக்காரரிடமிருந்து குரல் பதிவு, பின்னால் எஞ்சின் சத்தத்தோடு.

"தங்கச்சி, ஏழு-சைபர்! நம்ம பிள்ளைங்க ஜெயிச்சிட்டாங்க. நாளைக்குக் கடைசில வாசிக்காதீங்க, முதல்ல வாசிங்க."

முதலில்தான் வாசித்தேன்.