ஒரு வண்டு போனால் என்ன?

"ஒரு வண்டு போனா குடியா முழுகிடும்? அழிவுங்கிறதே இயற்கைதானே பாஸ்!" இப்படிச் சொன்னால் பேச்சு முடிந்துவிடும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். முடியாது.

ஆஸ்திரேலியக் கரையிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது லார்ட் ஹவ் தீவு. எங்கள் காரைக்கால் மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. லாம்ப்ரிமா இன்சுலாரிஸ் என்ற மான்கொம்பு வண்டுக்கு உலகத்திலேயே வீடு அது ஒன்றுதான். 1918இல் மகம்போ என்ற கப்பல் அங்கே தரைதட்டியது. எலிகள் இறங்கின. ஐந்து பறவை இனங்கள் ஒழிந்தன. இதில் இயற்கை எங்கே வந்தது? எலியைக் கப்பல் ஏற்றியது யார்?

அந்தத் தீவின் பெரிய குச்சிப்பூச்சியும் அப்போதே காணாமல் போனது. 2001இல், 23 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள் நிற்கும் பால்ஸ் பிரமிட் என்ற பாறையில், ஒரு புதரடியில் கிடைத்தது. எங்கள் சாஃப்ட்வேர் பாஷையில் அதுதான் பேக்கப். ஆனால் யாரும் திட்டம் போட்டு எடுத்த பேக்கப் இல்லை, வெறும் அதிர்ஷ்டம். அழிந்த பறவைகளுக்கு அப்படி ஒரு பாறை இல்லை.

2019இல்தான் தீவு முழுக்க விஷம் வைத்து எலிகளை ஒழிக்க இறங்கினார்கள். நூறு வருஷத் தாமதம். "ஒரு பூச்சிக்காகவா இத்தனை செலவு?" என்று சிரிப்பவர்களே, அது பூச்சிக்கான செலவு இல்லை, நாம் வைத்த கடன், வட்டியோடு.

ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு என்று இருக்கும் காரைக்காலை "துக்கடா ஊர்" என்றால் நமக்குச் சுருக்கென்கிறது. அந்தச் சுருக்கு வண்டுக்காகவும் கொஞ்சம் தைக்கட்டும்.