விண்மீனுக்கும் நாள் வேண்டும்

சித்திரைத் திங்களின் முழுநிலவு நாளில், நிலவுக்கு அருகே வெண்ணீல ஒளியுடன் விண்மீன் ஒன்று காணப்படும். அதன் பெயரும் சித்திரையே. திங்களுக்குப் பெயர் தந்ததும் அதுவே. அவ்விண்மீன் எங்கே உள்ளது என்று கேட்டால், இக்கால மாணவர் திறன்பேசியை வானை நோக்கி உயர்த்துவார். விடை நொடியில் கிடைத்துவிடும். அவ்விடைக்குள் நாளும் நேரமும் அடங்கியிருப்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்றிரவு எட்டு மணிக்கு எதிர்வீட்டு மாடியின் விளிம்பில் மறையும் விண்மீன், நாளை ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னதாகவே மறையும். ஒரு திங்களில் இவ்வேறுபாடு இரண்டு மணி நேரமாகப் பெருகும். புவி கதிரவனைச் சுற்றிவருவதே இதற்குக் காரணம். இதனை அறியக் கருவி வேண்டா. ஒரே இடத்தில் நின்று, நேரம் பார்த்து எழுதிவைக்கும் பொறுமை போதும்.

மற்றொரு மாற்றம் ஒருவரின் வாழ்நாளுக்குள் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த திமோக்காரிசு, சித்திரை விண்மீன் இலையுதிர்காலச் சமஇரவுப் புள்ளியிலிருந்து 8 பாகை விலகியிருப்பதாகக் குறித்தார். ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின்னர் இப்பார்க்கசு அளந்தபோது அவ்விலக்கம் 6 பாகையாக இருந்தது. முன்னவர் பிழை செய்துவிட்டார் என்று ஒதுக்கிவிடுவது எளிது. இப்பார்க்கசு அவ்வாறு செய்யவில்லை. இரண்டு அளவுகளும் மெய்யாயின், மாறியது எது என்று வினவினார். அயனச் சலனம் என்னும் உண்மை அங்கே பிறந்தது. சுழலும் பம்பரத்தின் தலை தள்ளாடுவதுபோலப் புவியின் அச்சும் திசைமாறுகிறது. 72 ஆண்டுகளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 26,000 ஆண்டுகள் ஆகும். பின்னர் 1718இல் எட்மண்ட் ஹாலி, பழைய பட்டியல்களோடு ஒப்பிட்டு, சோதி முதலிய சில விண்மீன்கள் தாமாகவே இடம்பெயர்வதையும் கண்டார்.

சென்னைக்கும் இப்பணியில் பங்குண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வகத்தில், தொலைநோக்கி அசையாதிருக்கக் கருங்கல் தூண் நிறுத்தப்பட்டது. வடக்கு தெற்காக உச்சி வழியே செல்லும் கோட்டை விண்மீன் கடக்கும் நேரமும், அப்போது அதன் உயரமும் குறிக்கப்பட்டன. அவ்விரு எண்களே விண்மீனின் முகவரி. இவ்வாறு திரட்டிய 11,015 விண்மீன்களின் பட்டியலை டெய்லர் 1844இல் வெளியிட்டார். தமிழ் எழுத்துகளும் பொறித்த அத்தூண், இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

நம் பள்ளி ஆய்வகங்களில் நடப்பதோ வேறு. கிடைத்த அளவு நூலில் உள்ள மதிப்போடு பொருந்தாவிடில், அழிப்பான் உடனே கைக்கு வந்துவிடுகிறது. மதிப்பெண்ணும் பொருந்திய அளவுக்கே கிடைக்கிறது. குறை மாணவருடையது மட்டுமன்று. பொருந்தாத 2 பாகையை இப்பார்க்கசும் அழித்திருக்கலாம்.

ஒவ்வொரு பள்ளியும் ஒரு வானக் குறிப்பேட்டைத் தொடங்கலாம். ஒரு விண்மீன், ஒரே இடம், நாள், நேரம், எழுதியவர் பெயர் ஆகியவை அதில் இருந்தால் போதும். ஒரு வகுப்பு முடித்துச் செல்லும்போது அடுத்த வகுப்பிடம் அது சேரட்டும். அதில் அயனச் சலனம் தெரியாது. நான்கு நிமிட வேறுபாடு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பல இரவுகள் விண்மீனே தென்படாது. அந்நாள்களில் 'மேகம்' என்று எழுதி நாளைக் குறிக்கலாம்.