பெயரின்மையும் ஆடையின்மையும்: குடியேற்றக்கால உடற்படங்கள் குறித்த ஒரு மறுப்பு

ஆடையற்ற உடலின் ஒளிப்பட வரலாறு மேலைநாட்டுக் கலைவரலாற்றின் ஒரு கிளை. அதில் தமிழாய்வுக்கு இடமில்லை என்னும் கருத்து ஆய்வுலகில் நிலவுகிறது. குடியேற்றக்காலத்து உடற்படங்கள் இனவரைவியல் சான்றுகள் மட்டுமே. அவற்றில் காமநோக்கைத் தேடுவது வீண் என்னும் கருத்தும் உடன் நிலவுகிறது. இவ்விரண்டும் மறுக்கத்தக்கன.

1839இல் பாரிசில் தாகெரின் ஒளிப்படமுறை அறிவிக்கப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளுக்குள் அந்நகரில் ஆடையற்ற உடற்படங்கள் பெருகின. 'ஓவியர்க்கான பயிற்சிப்படம்' என்னும் பெயரே அவற்றுக்குக் காப்பாயிற்று. அப்பெயர் முற்றிலும் பொய்யன்று. யூழேன் துரியு எடுத்த படங்களைக் கொண்டு ஓவியர் தெலக்குருவா 1854இல் வரைந்து பழகினார். ஆயினும் அதே பெயரின் மறைவில் காமப்படங்களும் விலைபோயின. பாரிசில் 'கலை' என்னும் சொல் செய்த வேலையைக் குடியேற்ற நாடுகளில் 'அறிவியல்' என்னும் சொல் செய்தது.

1869இல் தாமஸ் ஹக்ஸ்லி, பிரித்தானியப் பேரரசுக்குட்பட்ட இனத்தவரை ஆடையின்றி, நேராகவும் பக்கவாட்டிலும், அளவுகோலுடன் நிறுத்திப் படமெடுக்கும் முறையை வகுத்தளித்தார். பல இடங்களில் மக்கள் இணங்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து கிடைத்தவை சிறைக்கைதிகளின் படங்கள். மறுக்க இயலாதவரே ஆடை களைந்தனர் என்பது இதனால் தெளிவாகும். அந்தமானில் அதிகாரியாயிருந்த போர்ட்மேன் 1890களில் அம்மக்களைக் கட்டமிட்ட பின்திரையின் முன் நிறுத்திப் படமெடுத்தார். இலங்கையிலோ, மேலாடை அணிவது சாதிக் கட்டுப்பாட்டால் தடுக்கப்பட்டிருந்த ரொடியப் பெண்கள் படக்கூடங்களின் விற்பனைப் பொருளாயினர். அவர்தம் படங்கள் பயணிகளின் தொகுப்பேடுகளிலும் அஞ்சலட்டைகளிலும் உலகெங்கும் சென்றன. அருங்காட்சியகத்தில் சான்றாக நின்ற படவகை, வாங்குவோர் கையில் காமப்பொருளாயிற்று.

'மேலாடையின்மை அக்காலத்து இயல்பு. கோயிற் சிற்பங்களே அதற்குச் சான்று' என்பர் ஒரு சாரார். இது பொருந்தாது. சிற்பம் உளியின் படைப்பு. ஒளிப்படத்திற்கோ உயிருள்ள ஒருவர் கருவியின் முன் நின்றாக வேண்டும். மேலும், இயல்பு என்பது யாருடைய இயல்பு? தென்திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் தோள்சீலைக்காகப் பல்லாண்டுகள் போராடினர். 1859 சூலையில் வெளியான அரசாணை அவர்கள் மார்பை மறைக்க ஒப்பியது. உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்த அப்போதும் ஒப்பவில்லை. ஒருபுறம் உடலை மறைக்கும் உரிமைக்குப் பெண்கள் போராடினர். பத்தே ஆண்டில் மறுபுறம் உடலைத் திறந்து காட்டுமாறு அறிவியல் கேட்டது. இதனை இயல்பு என்பது அடக்குமுறையை வழக்கம் என்பதாகும்.

இங்குத் தமிழ் மரபு ஓர் அளவுகோலைத் தருகிறது. அகத்திணையில் தலைவன் தலைவியர் பெயர் சுட்டப்பெறுவதில்லை. அப்பெயரின்மை ஒருவர் காதலை எல்லார்க்கும் பொதுவாக்குகிறது, அந்தரங்கத்தையும் காக்கிறது. இனவரைவியல் படத்திலும் பெயரில்லை. ஆனால் பெயரிருக்க வேண்டிய இடத்தில் சாதியின் பெயர் இருக்கிறது. ஓர் உடல் ஒரு கூட்டத்தின் மாதிரியாகிறது. முன்னது பெயரை மறைத்து மனிதரைக் காத்தது. பின்னது பெயரை அழித்து மனிதரைப் பொருளாக்கியது. காட்சி ஒன்றுபோல் தோன்றினும் அறம் வேறு.

கலைநோக்கால் மட்டும் இச்சிக்கல் தீர்ந்துவிடவில்லை. இலங்கையின் லயனல் வென்ட் (1900–1944) ஆடையற்ற உடலை ஒளியும் நிழலுமாகக் கண்ட பெருங்கலைஞர். அளவுகோலை அகற்றி உடலுக்கு அழகை மீட்டளித்தவர். ஆயினும் அவர் படங்களில் நிற்கும் உழைக்கும் மக்கள் பெரிதும் பெயரற்றவராகவே இருக்கின்றனர்.

இப்படங்களை எரித்துவிட வேண்டும் என்பது இங்கு வாதமன்று. அவை வரலாற்றுச் சான்றுகளே. ஆனால் படம்பிடிக்கப்பட்டவரின் பண்பாட்டுக்கு மட்டுமல்லாமல், படம்பிடித்தவரின் அதிகாரத்துக்கும் அவை சான்று. ஆய்வேட்டின் அட்டையை அழகுசெய்யவோ 'பழந்தமிழர் உடை' எனக் குறிப்பெழுதவோ அவற்றை எடுத்தாளுதல் தவறு. எடுத்தவர், ஆண்டு, இடம், நோக்கம் ஆகியவற்றை ஆராய்ந்து உரைக்காமல் அத்தகைய படமொன்றை அச்சிடும் ஆய்வாளர், அன்றைய கருவியின் பின்னால் தாமும் நிற்கிறார்.