எது சிதைப்பு?

1983 செப்டம்பர் 15. நியூயார்க்கின் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் சுவரில் எழுதினார் என்று சொல்லி, மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற 25 வயதுக் கருப்பின இளைஞரைக் காவலர்கள் கைது செய்தனர். நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட அவர் 13 நாட்களில் இறந்தார். 1985இல், வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி, வழக்கில் நின்ற ஆறு காவலர்களையும் விடுதலை செய்தது.

அந்த மரணம் உலுக்கியவர்களில் ஒருவர் ழான்-மிஷேல் பாஸ்கியா. அப்போது வயது 22. அவரும் சுவர்களில் எழுதித்தான் பெயர் பெற்றவர். அது தானாகவும் இருந்திருக்கலாம் என்று கலங்கியவர், ஓவியர் கீத் ஹேரிங்கின் ஸ்டுடியோ சுவரில் ஒரு படம் வரைந்தார். தடி ஓங்கிய இரண்டு காவலர்கள். நடுவில் ஒரு கரிய உருவம். மேலே 'சிதைப்பு' என்று பொருள்படும் ஒரு சொல், கேள்விக்குறிகளோடு. சுவரில் எழுதுபவர்கள் மீது சுமத்தப்படும் குற்றத்தின் பெயர் அது. சிதைக்கப்பட்டது சுவரா, உடலா என்று அந்தப் படம் கேட்கிறது.

பாஸ்கியாவை ஹிப்ஹாப்பிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. 1973இல் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க் இரண்டு இசைத்தட்டுகளை அருகருகே சுழலவிட்டு, பழைய பாடலின் தாளத் துண்டை நீட்டிப் புதிய இசையாக்கினார். கையில் இருந்ததை வெட்டி, ஒட்டி, திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் முறை அது. பாஸ்கியாவின் கலப்பு ஊடக ஓவியங்களும் அப்படித்தான் உருவாயின. வீசியெறிந்த கதவுகளும் ஜன்னல்களும் அவருக்குக் கித்தான். தன் கோட்டோவியங்களை நகலெடுத்து ஒட்டி, அதன்மேல் வண்ணம் பூசினார். உடற்கூறியல் படங்களையும், ஜாஸ் கலைஞர்கள், குத்துச்சண்டை வீரர்களின் பெயர்களையும் அடுக்கினார். சொற்களை எழுதி அடித்தார். அடித்த சொல்லைத்தான் கண் தேடிப் படிக்கிறது. வரலாற்றிலிருந்து அடிக்கப்பட்ட ஒரு மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான மொழி ஏது? 1983இல் ராமெல்ஸீ, கே-ராப் பாடிய 'பீட் பாப்' இசைத்தட்டைத் தயாரித்து, அதன் அட்டையை வரைந்தவரும் அவரே.

ஆனால் அன்றைய கலையுலகம் இந்த அறிவுழைப்பைப் பார்க்க மறுத்தது. அவரைப் பயிற்சியற்ற, பண்படாத, இயல்பூக்கத்தால் வரைபவராகவே பலர் எழுதினர். ஒடுக்கப்பட்டவர் படைத்தால் அது 'உணர்ச்சி'; ஒடுக்குபவர் படைத்தால் அது 'சிந்தனை'. 1988இல், 27 வயதில் பாஸ்கியா இறந்தார். 2017இல் அவரது ஓவியம் ஒன்று 11 கோடி டாலருக்கும் மேல் ஏலம் போனது. சுவரில் எழுதியதற்காகப் பிடிக்கப்பட்ட ஸ்டூவர்ட்டின் உயிருக்கு மட்டும் அங்கே விலை இருக்கவில்லை.

நமக்கு இது அந்நியக் கதை அல்ல. பறையை மேடையேற்றிக் கைதட்டிவிட்டு, பறையடிப்பவரைச் சேரிக்குத் திருப்பியனுப்பும் சமூகம் இது. கானாவைச் சினிமாவில் ரசிப்பவர்கள், கானா பிறந்த குடியிருப்புகளை நகருக்கு வெளியே தள்ளும்போது வாய் திறப்பதில்லை. கானாவையும் ராப்பையும் இணைத்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது, இசையை ரசித்துக்கொண்டே 'இதில் அரசியல் எதற்கு' என்று கேட்டவர்களும் உண்டு. அரசியலைக் கழித்துவிட்டால் அந்தக் கலையில் எஞ்சுவது என்ன?

ஒடுக்கப்பட்டவரின் கலையைக் கொண்டாடுவது எளிது. அந்தக் கலைஞர் நம் தெருவில் வீடு கேட்கும்போது, நம் நிறுவனத்தில் பொறுப்புக்கு வரும்போது, காவல் நிலையத்தில் அடிபடும்போது நாம் எங்கே நிற்கிறோம் என்பதே கேள்வி. அதற்குப் பதில் சொல்லாத கைதட்டலை நாம் ஏற்க வேண்டியதில்லை.