சவர்க்காரத்தில் ஒளிந்திருக்கும் வரி

"நமக்கேது வரி?" என்று ஓப்பநாயக்கத் தோட்டங்களிலும், காணி இழந்து வந்து குடியேறிய நம்மவர் மத்தியிலும் பலர் எண்ணுகின்றனர். பெறுமதி சேர் வரியைக் கொடுப்பவர்கள் நாம்தான். சிறுகடைக்காரர் சிட்டையில் எழுதாவிட்டாலும், சவர்க்காரம் கம்பனியிலிருந்தே அதைச் சுமந்து வருகிறது. 2022 தொடக்கத்தில் 8 வீதமாயிருந்தது, அவ்வாண்டிலேயே 12, 15 என ஏறி, 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. துரைக்கும் 18, கொழுந்து பறிப்பவருக்கும் 18!

2025 ஏப்ரலில் வருமான வரி விலக்கெல்லை ஆண்டுக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் அப்போது நடைமுறையிலிருந்த, 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில், மாதம் 25 நாள் வேலை கிடைத்திருந்தாலும் ஆண்டுக்கு 4,05,000 ரூபாதான் வந்திருக்கும். அச்சலுகையில் அத்தொழிலாளிக்கு ஒரு சதமும் இல்லை. சவர்க்காரம், பற்பசை மீதான வரியையே முதலில் குறைத்திருக்க வேண்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் இதைக் கேளுங்கள்.