முகமும் பேச வேண்டும்

காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கு முதல் தடவையாக வேலை தேடி வந்து இறங்கும் தமிழ்த் தொழிலாளிக்குத் தெலுங்கு தெரியாது. ஆயினும் அவர் திக்கற்று நிற்பதில்லை. விசாரணைக் கவுண்டரில் இருப்பவர் "லேது" என்று வாய் திறப்பதற்கு முன்பே, அவரது உதட்டுப் பிதுக்கல் சேதியைச் சொல்லி விடுகிறது. மேஸ்திரி தலையை ஆட்டும் விதத்திலிருந்தே, பேசிய கூலி உறுதியானதா, ஒப்புக்குச் சொன்னதா என்று புரிந்து விடுகிறது. வேற்று மாநிலத்தில் பிழைக்க வந்தவருக்கு எதிரில் நிற்பவரின் முகமே முதல் அகராதி.

அந்த முகத்தின் இடத்துக்கு இப்போது கம்ப்யூட்டர் வரைந்த முகங்கள் வரத் தொடங்கியுள்ளன. 2023 ஜூலையில் ஒடிசாவின் ஓ.டி.வி. 'லிசா' என்ற செயற்கைச் செய்தி வாசிப்பாளரை அறிமுகப்படுத்தியது. அதே மாதத்தில் கன்னடத்தில் பவர் டி.வி. 'சௌந்தர்யா'வையும், தெலுங்கில் பிக் டி.வி. 'மாயா'வையும் திரையில் கொண்டு வந்து நிறுத்தின. 2024 மே மாதத்தில் தூர்தர்ஷனின் கிசான் சானல் 'கிருஷ்', 'பூமி' என்ற இருவரை ஐம்பது மொழிகளில் பேச வல்லவர்கள் என்று கூறி முன்வைத்தது. அவர்களுக்குச் சம்பளமில்லை, தூக்கமில்லை, லீவும் இல்லை. எழுதிக் கொடுத்ததை எந்த நேரத்திலும் வாசிப்பார்கள். இந்தத் திறமை பொதுமக்களுக்குப் பயன்படுமானால் வரவேற்கத் தக்கதே. தெலுங்கு அறிவிப்புப் பலகையைப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு, ரயில் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் ஒரு திரை தமிழில் வழி சொல்லுமானால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால், வார்த்தை மட்டும் வந்தால் பேச்சு முழுமை அடைந்து விடாது. 'மாயா'வைப் போன்ற முகங்களைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒரு குறை தென்பட்டிருக்கும். மழை வெள்ளமானாலும், விலைவாசியானாலும், விபத்தில் சிலர் மாண்ட சேதியானாலும் முகம் ஏறத்தாழ ஒன்று போலவே இருக்கிறது. வாய் அசைகிறது, கண் அதனுடன் சேரவில்லை. துக்கச் செய்தியைப் புன்னகை மாறாமல் சொல்வதைக் கேட்கும்போது மனம் கூசுகிறது.

இந்தக் குறை ஏன் என்பதை அறிவது கடினமல்ல. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் பார்க் என்பவர் 1972-லேயே கம்ப்யூட்டரில் மனித முகத்தை அசைத்துக் காட்டினார். பால் எக்மன், வாலஸ் பிரீசன் என்ற இரு உளவியலார், முகத் தசைகளின் அசைவுகளை நாற்பதுக்கும் மேற்பட்ட கூறுகளாகப் பிரித்து 1978-ல் ஒரு முறையை வகுத்தனர். அதன்படி பார்த்தால் சிரிப்பு என்பது வாயோரம் மேலே ஏறுவது மட்டுமன்று. கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்க வேண்டும். கண் சுருங்காத சிரிப்பு கடைக்காரச் சிரிப்பு என்பது படிக்காதவருக்கும் தெரிந்ததே. மேலும், புருவம் எந்தச் சொல்லில் உயர வேண்டும், தலை எப்போது அசைய வேண்டும், இமை எப்போது மூட வேண்டும் என்ற காலக் கணக்கு ஒன்று உண்டு. அதில் இம்மி பிசகினாலும் முகம் பொம்மையாகி விடுகிறது.

பெரும் பொருட்செலவும் இதற்குப் பரிகாரமாகி விடாது என்பதைத் தமிழ்ப் படவுலகமே கண்டிருக்கிறது. நடிகர்களின் அசைவுகளைக் கருவிகளால் பதிவு செய்து உருவாக்கிய 'கோச்சடையான்' 2014 மே மாதத்தில் வெளிவந்தது. 2009-ல் மறைந்த நாகேஷின் உருவத்தையும் அதில் மீண்டும் உலவ விட்டார்கள். முயற்சியைப் பாராட்டியவர்களும் முகங்களில் உயிர் போதவில்லை என்றே சொன்னார்கள். ரஜினிகாந்தின் ஒரு பார்வைக்குக் கைதட்டிப் பழகிய ரசிகர்கள் அந்தப் பார்வையைத்தான் தேடினார்கள்.

முகக்குறிப்பை அளந்து பார்ப்பது தமிழருக்குப் புதிதல்ல. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, எட்டு வகையாக்கி, அதற்கென ஓர் இயலையே ஒதுக்கியது தொல்காப்பியம். இந்தப் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில்களில் நடைபெறும் பாரத விழாக்களில் விடிய விடியக் கூத்துப் பார்ப்பவர்களில் தமிழரும் உண்டு, தெலுங்கரும் உண்டு. பாட்டின் பொருள் முழுவதும் புரியாதவருக்கும் துச்சாதனனின் கண்ணைப் பார்த்தால் கதை புரிகிறது. சித்தூரில் நாடகமாடி, அவ்வூரின் பெயரையே தம் பெயருடன் சேர்த்துக் கொண்ட நாகையா, 1941-ல் தமிழில் 'அசோக்குமார்' படத்தில் சக்கரவர்த்தியாகவும், 1946-ல் தெலுங்கில் தியாகய்யராகவும் நடித்தார். மொழி மாறியது, அந்த முகத்தின் கனிவை இரு மொழியினரும் ஒன்று போலவே உணர்ந்தார்கள். பேசும் முகங்களைச் செய்கிறவர்கள் பாடம் கற்க வேண்டியது இத்தகைய கலைஞர்களிடமே.

வாயசைவிலும் கவனம் தேவை. 1976-ல் மக்கர்க், மக்டொனால்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு விந்தையை வெளியிட்டனர். ஒலியில் 'பா' என்றும் வாயசைவில் 'கா' என்றும் இருந்தால், கேட்பவர் காதில் 'டா' என்று விழுகிறது. காது கேட்பதில் கண்ணுக்கும் பங்குண்டு என்பது இதன் பொருள். ஆங்கில வாயசைவை வைத்துக் கொண்டு தமிழைப் பேசவிட்டால் கேட்பவருக்குத் தடுமாற்றமே மிஞ்சும். உதட்டைப் பார்த்தே பேச்சை அறியும் செவித்திறன் குறைந்தவர்களுக்கோ அது பெரும் அநீதி.

முகம் பொம்மையாக இருப்பது ஒரு சங்கடம் என்றால், அச்சாக மனிதரைப் போலவே அமைந்து விடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவரைப் பழைய சகஊழியரின் முகத்துடன் ஒருவன் வீடியோவில் அழைத்து, ஆஸ்பத்திரிச் செலவு என்று சொல்லி 40,000 ரூபாய் பறித்தான். மறுபடியும் பணம் கேட்டபோதுதான் சந்தேகம் பிறந்தது. ஊரில் குடும்பத்தை விட்டு வந்து, செல்போனில் முகம் பார்த்து ஆறுதல் கொள்ளும் தொழிலாளர்களுக்கு இது பெரிய எச்சரிக்கை. மகன் முகமே தெரிந்தாலும், அவசரமாகப் பணம் கேட்டால் அழைப்பைத் துண்டித்து, தெரிந்த பழைய எண்ணுக்குத் தாமே பேசி விசாரித்துக் கொள்வது நல்லது. ஏமாந்து விட்டால் வெட்கப்பட்டுக் காலம் கடத்தாமல் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும்.

இந்நிலையில் அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, திரையில் பேசுவது இயந்திர முகம் என்பதை அந்தத் திரையிலேயே தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். செயற்கைப் படங்களில் பத்தில் ஒரு பங்கு இடத்திலாவது அடையாளம் இருக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகள் கூறின. அந்த அடையாளம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் பயனில்லை. பேசுகிற மொழியிலேயே இருக்க வேண்டும். இரண்டாவது, தமிழும் தெலுங்கும் பேச வைக்கும் முகங்களை, அம்மொழிகளைப் பேசும் மக்களின் வாயசைவையும் தலையசைவையும் பார்த்து அமைக்க வேண்டும்.

மூன்றாவதே முக்கியமானது. எத்தனை திரைகள் வந்தாலும் கவுண்டரில் ஒரு மனிதர் இருக்க வேண்டும். திருமலையில் 2023 மார்ச்சில் பக்தர்களின் முகத்தை அடையாளம் காணும் கருவிகள் பரீட்சார்த்தமாகப் புகுத்தப்பட்டன. ஒரே ஆள் இருமுறை வந்தால் அவை கண்டுபிடித்து விடும். ஆயினும் ஆளை அடையாளம் காண்பது வேறு, குறிப்பறிவது வேறு. கையில் டிக்கெட்டை வைத்துக் கொண்டு எந்தப் பிளாட்பாரம் என்று கேட்கக் கூச்சப்பட்டு நிற்கும் கிழவியின் முகத்தைப் பார்த்து, "என்னம்மா வேணும்?" என்று தாமாகவே கேட்கிறவர் கவுண்டரில் இருக்கும் குமாஸ்தாதான். இயந்திரம் அவருக்குத் துணையாக வரட்டும். அவரது நாற்காலியைப் பறிக்க வேண்டாம்.