‘காலே ஓடலையே, எதுக்கு இவ்வளவு சாப்பாடு?’: பாரா வீரர்களின் எலும்பைக் கரைக்கும் தப்புக் கணக்கு

பாரிஸ் 2024 பாராலிம்பிக்கில் இந்தியா வென்றது 29 பதக்கங்கள். அதில் நான்கு தமிழ்நாட்டுக்கு வந்தன. பாட்மிண்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் இருவரும் வெண்கலமும் வென்றார்கள். உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலுவுக்கு வெண்கலம். ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி ஆகியவற்றுக்குப் பிறகு, தொடர்ச்சியாக இது அவருடைய மூன்றாவது பாராலிம்பிக் பதக்கம்.

முதலமைச்சர் கோப்பையில் இப்போது மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 2025 கேலோ இந்தியா பாரா போட்டிகளில் தமிழ்நாடு இரண்டாமிடம் பிடித்தது. சென்னையைத் தாண்டி, திருப்பூர் மாவட்டத்தின் தெற்கே அமராவதி பாசனப் பகுதியில் இருக்கும் கணியூர் மாதிரியான பேரூராட்சிகளிலும் பாரா விளையாட்டு பற்றிய பேச்சு வந்துவிட்டது.

ஆனால், சக்கர நாற்காலியில் பயிற்சி தொடங்கும் ஒருவருக்கு வீட்டிலும் மைதானத்திலும் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான்: “காலே ஓடலையே, எதுக்கு இவ்வளவு சாப்பாடு? வெயிட் போட்டா வண்டியைத் தள்ள முடியாது.” கேட்க நியாயமாகத் தெரியும் இந்தக் கணக்கு எங்கே தப்பாகிறது?

‘ரெட்-எஸ்’ என்றால் என்ன?

விளையாட்டில் உண்டாகும் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாட்டைத்தான் மருத்துவர்கள் சுருக்கமாக ‘ரெட்-எஸ்’ என்கிறார்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்தப் பெயரை அறிமுகப்படுத்தியது. 2018இலும் 2023இலும் அதைப் பற்றிய அறிக்கையைப் புதுப்பித்தது.

பனியன் கம்பெனிக் கணக்கில் சொன்னால் எளிதில் புரியும். கையில் பணம் குறைந்தால் ஓனர் முதலில் கரன்ட் பில்லையும் கூலியையும் கட்டுவார். மெஷின் சர்வீஸைத் தள்ளிப்போடுவார். கொஞ்ச நாள் உற்பத்தி ஓடும், வெளியே எதுவும் தெரியாது. உடம்பும் இதைத்தான் செய்கிறது. இதயம், மூளை, பயிற்சி ஆகியவற்றுக்கான செலவை முதலில் கொடுத்துவிட்டு, இனப்பெருக்க ஹார்மோன்களையும் தைராய்டு ஹார்மோனையும் எலும்பு உருவாக்கத்தையும் குறைக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வலுவிழக்கும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையும், பாலியல் ஆர்வம் மங்கும். இது பெண்களின் பிரச்சினை மட்டும் என்று நினைப்பது தவறு.

எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஒருநாள் சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சியில் செலவான கலோரியைக் கழிக்க வேண்டும். மீதியை, உடலில் கொழுப்பு நீங்கலான எடையால் வகுக்க வேண்டும். உதாரணமாக, கொழுப்பு நீங்கலாக 40 கிலோ எடையுள்ள ஒரு பெண் 1,600 கலோரி சாப்பிட்டு, பயிற்சியில் 500 செலவழித்தால் மீதி 1,100. அதாவது கிலோவுக்கு 27.5. பெண்களுக்கு 45 வரை இருந்தால் நல்லது, 30க்குக் கீழே போனால் ஆபத்து என்பது பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள எல்லை.

சிக்கல் இங்கேதான். அந்த எல்லை, உடல் குறைபாடு இல்லாத இளம் பெண்களிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. மாற்றுத்திறனாளி வீரர்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

ஏன் பொருந்தாது?

முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, அசையாத பகுதியில் தசை குறைவதால், ஓய்வில் இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலும் குறைவு. ‘குறைவாகச் சாப்பிடு’ என்ற அறிவுரையில் இவ்வளவு உண்மை இருக்கிறது. ஆனால் கால் துண்டிக்கப்பட்டவர் செயற்கைக் காலுடன் நடக்க, மற்றவர்களைவிட அதிக ஆற்றல் தேவை. பெருமூளை வாதத்தில், கட்டுப்பாடில்லாமல் தசைகள் அசையும் வகையினருக்கும் செலவு கூடும். ஒரே மைதானத்தில் பயிற்சி செய்யும் மூன்று பேருக்கு மூன்று விதமான தேவை. ஒரே டயட் சார்ட்டை மூவருக்கும் கொடுத்தால் ஒருவர் எடை போடுவார், இன்னொருவர் பட்டினி கிடப்பார்.

எலும்பிலும் இதே வித்தியாசம்தான். தண்டுவடக் காயத்துக்குப் பிறகு, காயத்துக்குக் கீழே உள்ள எலும்புகள் முதல் ஓரிரு ஆண்டுகளில் வேகமாக அடர்த்தி இழக்கின்றன. முழங்காலைச் சுற்றிய பகுதிக்குத்தான் பாதிப்பு அதிகம். உடல் எடையைத் தாங்காத எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும். அதன்மேல் சாப்பாட்டுக் குறைவும் சேர்ந்தால், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது சின்னதாக ஓர் அடி பட்டாலே எலும்பு முறியலாம்.

அலாரம் ஏன் அடிப்பதில்லை?

மற்ற வீரர்களுக்கு உடம்பே எச்சரிக்கை கொடுக்கும். பாரா வீரர்களில் பலருக்கு அந்த எச்சரிக்கைகள் வேலை செய்யாது.

வலி: உணர்ச்சி இல்லாத காலில் எலும்பு முறிந்தாலும் வலிக்காது. வீக்கம், சூடு, சிவப்பு ஆகியவைதான் அடையாளம்.

எடை: கை அல்லது கால் இழந்தவருக்கு வழக்கமான உயரம்–எடை அட்டவணை தப்பான பதிலைத்தான் தரும்.

மாதவிடாய்: காயத்துக்குப் பிறகு சில மாதங்கள் நின்று, பிறகு திரும்புவது இயல்பு. அதனால் பின்னாளில் மறுபடி நின்றாலும் ‘அந்தக் காயத்தாலதான்’ என்று விட்டுவிடுகிறார்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு மாதாமாதம் ரத்தப்போக்கு வரும். ஹார்மோன் சுழற்சி சரியாக இருக்கிறது என்பதற்கு அது சான்று ஆகாது.

ஸ்கேன்: எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனையில் வழக்கமாக இடுப்பையும் கீழ்முதுகையும் பார்ப்பார்கள். அங்கே உலோகக் கம்பி பொருத்தியிருந்தாலோ மூட்டு மடங்கி இறுகியிருந்தாலோ அளவு சரியாக வராது.

அமெரிக்காவின் உயர்நிலை பாரா வீரர்கள் 260 பேரிடம் நடத்தி, 2019இல் வெளியான ஆய்வில், பெரும்பாலானோர் ஆட்டத்துக்காக எடையையோ உடலமைப்பையோ மாற்ற முயன்றுகொண்டிருந்தது தெரிந்தது. இந்தக் குறைபாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. உயர்நிலை வீரர்களின் நிலையே இதுதான்.

பனியன் பெல்ட்டில் கூடுதல் சிக்கல் என்ன?

கணியூர் பக்கத்திலிருந்து ஸ்பின்னிங் மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ போய்க்கொண்டு, செக்கிங் டேபிளில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். திருப்பூர்க் கணக்கில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை. நடுவில் டீ, பன், வடை. பயிற்சி என்றால் விடியற்காலையில் அல்லது வேலை முடிந்து. நாள் மொத்தத்தில் கலோரி சரியாக இருந்தாலும், பயிற்சிக்குப் பின் பல மணி நேரம் வெறும் வயிறாக இருந்தால் ஹார்மோன்கள் பாதிக்கப்படலாம். பகல் முழுக்கக் கூரைக்குக் கீழே இருப்பதால் வைட்டமின் டி-யும் குறையும்.

வெளியே பேசப்படாத இன்னொரு காரணம் கழிப்பறை. சக்கர நாற்காலி உள்ளே போகக்கூடிய கழிப்பறை கம்பெனியிலும் மைதானத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் இல்லையென்றால், பலர் தண்ணீரையும் சாப்பாட்டையுமே குறைத்துக்கொள்கிறார்கள். டயட் சார்ட் எழுதி இதைச் சரிசெய்ய முடியாது. ஒரு சரிவுப் பாதையும் அகலமான கதவும்தான் இதற்கு மருந்து. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 30ஆவது பிரிவு, அவர்கள் விளையாட்டில் பங்கேற்பதற்கு வேண்டிய நடவடிக்கைகளை அரசு எடுக்க வேண்டும் என்கிறது. கழிப்பறையையும் அந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

என்ன செய்யலாம்?

பயிற்சியாளர்கள் எடையை மட்டும் குறித்துவைத்தால் போதாது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, காலையில் சோர்வு இருக்கிறதா, இதற்கு முன் எலும்பு முறிந்திருக்கிறதா, சாப்பாட்டைத் தவிர்க்கிறாரா என்று பருவத்துக்கு ஒருமுறையாவது கேட்க வேண்டும். பெண் வீரர்கள் தயங்காமல் பேச, ஒரு பெண் ஊழியர் அங்கே இருப்பது நல்லது.

சாப்பாட்டுக்கு விலை உயர்ந்த பவுடர் தேவையில்லை. முட்டை, நிலக்கடலை, தயிர், கொள்ளு, அரிசிப்பருப்புச் சாதம் எல்லாம் கொங்கு வீடுகளில் இருப்பவைதான். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பயிற்சி முடிந்த கையோடு சாப்பிட ஒரு டப்பா கூடவே இருக்கட்டும்.

கால்சியம் மாத்திரையைத் தானாக வாங்கிப் போட வேண்டாம். தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் உருவாகும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். ஹார்மோன் ஊசியும் அப்படித்தான். டெஸ்டோஸ்டிரோன் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. மாதவிடாய் மூன்று மாதம் வராவிட்டால், காரணமில்லாமல் கால் வீங்கினால், சின்ன அடியிலேயே எலும்பு முறிந்தால், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெக்ஸா எடுக்கும்போது கம்பி இருப்பதைச் சொல்லி, அளக்கக்கூடிய வேறு இடத்தில் எடுக்க முடியுமா என்று கேட்கலாம்.

பாரிஸில் பதக்கம் வென்ற அந்த மூன்று பாட்மிண்டன் வீராங்கனைகளுக்கும் அப்போது 19 முதல் 22 வயதுதான். பதின்ம வயதிலிருந்து இருபதுகளின் பிற்பகுதி வரைதான் எலும்பு தன் உச்ச வலுவைச் சேர்த்துக்கொள்கிறது. பாரா விளையாட்டுக்குப் பலர் வந்து சேரும் வயதும் அதுதான். எடையைக் குறைக்கச் சொல்வதற்கு முன், அவர் நேற்று என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்று கேட்பதற்குச் செலவு எதுவும் இல்லை.